எந்த ஆசிட் மிஸ் ரொம்ப ஸ்ட்ராங்?

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அயனிச் சமநிலை பாடம் எடுக்கும் ஒவ்வொரு வருஷமும், தலைப்பைப் போர்டில் எழுதி முடிப்பதற்குள் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்: "மிஸ், இருக்கிறதிலேயே எந்த ஆசிட் ரொம்ப ஸ்ட்ராங்?" நான் டியூஷன் எடுப்பது சென்னை திருவொற்றியூரில். இங்கே வரும் பிள்ளைகள் பலருக்கு அப்பாவோ மாமாவோ மணலியிலோ எண்ணூரிலோ ஓர் ஆலையில் வேலை. ஆசிட் டேங்கர்களோடு ரோட்டைப் பங்கு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர். "கந்தக அமிலம்" என்று சொல்லிவிட்டால் நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

நான் பெயர் சொல்வதில்லை. "எதோடு சேரும்போதுப்பா?" என்று திருப்பிக் கேட்கிறேன். அமிலங்களைப் பற்றி ஒருத்தர் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி அந்தக் கேள்விக்குள் இருப்பதாக நினைக்கிறேன். வகுப்பில் நேரம் போதாமல் விட்டுப்போகும் விஷயங்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அட்டவணை. தண்ணீரில் போட்டால் ஓர் அமிலம் தன்னிடம் உள்ள புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, எவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்கிறது என்பதை வைத்துத்தான் வேதியியல் வலிமையை அளக்கிறது. 0.1 மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஏறக்குறைய எல்லா மூலக்கூறும் பிரிந்துவிடும். கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 1 (இந்த எண் சிறுத்தால் அமிலத்தன்மை கூடுதல்). அதே 0.1 மோலார் அளவில் வினிகரின் அசிட்டிக் அமிலத்தை எடுத்தால் நூறில் 1.3 மூலக்கூறுதான் பிரிந்திருக்கும். பிஎச் 2.87. இந்த மனப்பான்மையைக் குறிக்கும் எண்ணுக்குப் பிகேஏ என்று பெயர். எண் சிறுத்தால் அமிலம் வலிமையானது. ஒன்று குறைந்தால் பத்து மடங்கு. அசிட்டிக் 4.76, தயிரின் லாக்டிக் 3.86, எறும்பின் ஃபார்மிக் 3.75, எலுமிச்சையின் சிட்ரிக் 3.13, புளியின் டார்டாரிக் ஏறத்தாழ 3, கோலா பானங்களில் சேர்க்கும் பாஸ்பாரிக் 2.15. நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக், கந்தக அமிலம் மூன்றும் பூஜ்ஜியத்துக்குக் கீழே, எதிர்ம எண்களில்.

வினிகரில் 1.3 சதவீதம்தான் பிரிகிறது என்றதும், மீதி 98.7 சதவீதம் சும்மா கிடக்கிறது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே நான் நம் வீட்டுத் தண்ணீரைக் காட்டுவேன். மொட்டைமாடித் தொட்டியில் உள்ளதுதான் இப்போது குழாயில் வரும். ஆனால் கீழே சம்பில் இருப்பதும் நம் தண்ணீர்தான். மேலே குறையக் குறைய மோட்டார் ஏற்றிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் எல்லாவற்றையும் மேல்தொட்டியிலேயே வைத்திருக்கிறது, அசிட்டிக் அமிலம் பெரும்பகுதியைச் சம்பில் வைத்திருக்கிறது. அதனால்தான் 0.1 மோலார் அளவில் இரண்டிலும் 10 மில்லி எடுத்துப் பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடை விட்டால், இரண்டுமே அதே 10 மில்லி காரத்தைக் குடிக்கின்றன. மெக்னீசியம் நாடாவைத் தேவைக்கு அதிகமாகவே போட்டால் இரண்டிலும் கடைசியில் கிடைக்கும் ஹைட்ரஜன் ஒரே அளவு. வேகம் மட்டும் வேறு. முடிவுப்புள்ளியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. அசிட்டிக் அமிலத்தின் நடுநிலையாக்கல் பிஎச் 7-ல் முடியாமல் 8.7 வரை ஏறி நிற்கும். முடிவை நிறத்தால் காட்ட அதற்குப் பினாப்தலீன்தான் சரி, மெத்தில் ஆரஞ்சு வெகு முன்னாலேயே நிறம் மாறிவிடும்.

வலிமையையும் செறிவையும் போட்டுக் குழப்புவது எல்லா வருஷமும் நடக்கிறது. ஒரே ஒரு உதாரணம் போதும். வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம் தண்ணீர் கலக்காமல் கிளேசியல் அசிட்டிக் ஆசிட் என்று பாட்டிலில் வருகிறது. 16.6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது பனிக்கட்டி போல் உறையும். நம் ஊரில் மார்கழி இரவிலும் அநேகமாக அதற்கு வாய்ப்பில்லை, பாட்டிலில் திரவமாகவே இருக்கும். பட்டியலில் அது வலிமை குறைந்த அமிலம். கையில் பட்டால் கொப்புளம். வெகுவாக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமோ, பட்டியலில் வலிமை மிக்கது, தோலில் பட்டுக் கழுவினால் ஒன்றும் தெரியாது.

இனி, எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த ஜோடி. ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தின் பிகேஏ 3.17. எலுமிச்சைச் சாற்றின் சிட்ரிக் அமிலம் அதைவிடக் கொஞ்சம் வலிமையானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் வைக்க முடியாது. கண்ணாடியைத் தின்றுவிடும். அங்கே வேலை செய்வது புரோட்டான் மட்டும் என்றால் கந்தக அமிலம் எப்போதோ கண்ணாடியைக் கரைத்திருக்க வேண்டும். சிலிக்கானும் ஃபுளூரினும் சேர்ந்தால் உண்டாகும் பிணைப்பு அவ்வளவு உறுதி, அதற்காகச் சிலிக்கான் தன் ஆக்சிஜனை விட்டுவிடுகிறது. உடம்பில் அது செய்வது இன்னும் கொடுமை. பெரும்பகுதி பிரியாத மூலக்கூறாகவே இருப்பதால், மின்சுமை இல்லாமல் தோலைக் கடந்து உள்ளே போகிறது. உள்ளே போய்க் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேலே சின்னக் காயம்தான் தெரியும், பல நேரம் வலிகூட மணிக்கணக்கில் தாமதமாக வரும். அதற்குள் ரத்தத்தில் கால்சியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். அதனால்தான் அதைக் கையாளும் இடங்களில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். வலிமை குறைவாக இருப்பதே அங்கே ஆபத்துக்கு ஒரு காரணம் என்று சொன்னால் வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாகிவிடும்.

இதற்கு நேர் எதிர்முனையில் கார்போரேன் அமிலம். 2004-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் கிறிஸ்டோபர் ரீட் குழுவினர் உருவாக்கியது. அடர் கந்தக அமிலத்தைப் போலக் குறைந்தது பத்து லட்சம் மடங்கு வலிமை. அதைக் கண்ணாடிப் பாட்டிலிலேயே வைக்கலாம். புரோட்டானைக் கொடுத்தபின் மிஞ்சும் எதிர்மின் அயனி, போரானும் கார்பனும் கூண்டாகக் கட்டி, வெளியே குளோரின் போர்த்திய ஒன்று. அது எதோடும் போய்ச் சண்டை போடுவதில்லை. புரோட்டானைக் கொடுக்கும், அதோடு ஒதுங்கிக்கொள்ளும். ஓர் அமிலம் என்ன செய்யும் என்பதில் பாதிக் கதை, புரோட்டான் போனபின் நிற்கும் அந்த மிச்சத்தில் இருக்கிறது. ஃபுளூரைடு ஒருவிதம், நைட்ரேட் ஒருவிதம், குளோரைடு ஒருவிதம்.

தண்ணீரே இந்த ஒப்பீட்டில் ஒரு பக்கம் சாய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலிமை மிக்க அமிலம் எதைத் தண்ணீரில் போட்டாலும், புரோட்டான் முழுக்கத் தண்ணீர் மூலக்கூறிடம் போய்விடும். அப்புறம் எல்லாம் ஒரே ஹைட்ரோனியம் அயனிதான். நைட்ரிக்குக்கும் பெர்குளோரிக்குக்கும் வித்தியாசமே தெரியாது. புரோட்டானை அவ்வளவு ஆவலாக வாங்காத கிளேசியல் அசிட்டிக் அமிலத்தில் கரைத்துப் பார்த்தால்தான் பெர்குளோரிக், கந்தகம், ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் என்று வரிசை பிரிகிறது. ஆக "யார் பெரியவர்" என்ற கேள்விக்குப் பதில், எந்தச் சபையில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும்.

செய்முறைத் தேர்வில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு அடுத்தது நன்றாக நினைவிருக்கும். குளோரைடு உப்பில் அடர் கந்தக அமிலத்தை விட்டுச் சூடாக்கினால் நிறமற்ற, காரமான நெடியுள்ள வாயு வரும். அம்மோனியாவில் நனைத்த கண்ணாடித் தண்டைக் காட்டினால் அடர்ந்த வெண்புகை. வந்தது ஹைட்ரஜன் குளோரைடு. இதில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. தண்ணீரை வைத்துப் போட்ட பிகேஏ பட்டியலின்படி ஹைட்ரோகுளோரிக் அமிலம் கந்தக அமிலத்தைவிட வலிமையானது. வலிமை குறைந்தது எப்படி வலிமை மிக்கதை அதன் உப்பிலிருந்து விரட்டுகிறது? விரட்டவில்லை. ஹைட்ரஜன் குளோரைடு ஒரு வாயு, உண்டானதும் பறந்துவிடுகிறது. கந்தக அமிலம் கொதிக்க 300 டிகிரிக்கு மேல் வேண்டும், அது சோதனைக் குழாயிலேயே உட்கார்ந்திருக்கிறது. போனது திரும்பி வராததால் சமநிலை அந்தப் பக்கமே நகர்ந்துகொண்டிருக்கிறது.

அதே கந்தக அமிலத்தை அயோடைடு உப்பின் மேல் விட்டுப் பாருங்கள். ஹைட்ரஜன் அயோடைடு ஒழுங்காகக் கிடைக்காது. ஊதாப் புகையாக அயோடின் கிளம்பும். புரோமைடு என்றால் செம்பழுப்புப் புகை. கந்தக அமிலத்துக்கு ஆக்சிஜனேற்றும் குணமும் உண்டு, எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுகிறது. அதனால் ஹைட்ரஜன் புரோமைடும் அயோடைடும் சுத்தமாக வேண்டும் என்றால் பாஸ்பாரிக் அமிலத்தை எடுப்பார்கள். வலிமையில் மிகப் பின்னால் நிற்கும் அமிலம், ஆனால் எளிதில் ஆவியாகாது, எலக்ட்ரானைத் தொடாது. அந்த வேலைக்கு அதுதான் பொருத்தம். ஒரு அமிலத்தை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவதைவிட, அதன் குணத்தை அறிந்து வேலை கொடுப்பது எவ்வளவு அழகு என்று இந்த இடத்தில் எனக்கு எப்போதும் தோன்றும்.

குணம் என்றால் நைட்ரிக் அமிலத்தைத்தான் சொல்ல வேண்டும். செம்புத் துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால், காற்றுப் படாதவரை, அது பாட்டுக்குக் கிடக்கும். ஹைட்ரஜனை வெளியேற்றும் திறமை செம்புக்கு இல்லை. பட்டியலில் ஹைட்ரோகுளோரிக்குக்குப் பின்னால் நிற்கும் நைட்ரிக் அமிலத்தில் போட்டால் கரைசல் நீலமாகும், பழுப்புப் புகை பொங்கும். வேலை செய்தது நைட்ரேட். சௌகார்பேட்டையின் நகைப் பட்டறைகள் நடப்பதே இந்த வித்தியாசத்தின் மேல்தான். உரைகல்லில் நகையைத் தேய்த்து, கோட்டின் மேல் நைட்ரிக் அமிலத்தைத் தொட்டால் செம்பு, பித்தளைக் கோடு கரைந்துபோகும், தங்கக் கோடு நிற்கும். பழைய தங்கத்தைச் சுத்தப்படுத்தும்போது அதோடு வேண்டுமென்றே வெள்ளியைச் சேர்த்து உருக்குவார்கள். தங்கம் சுமார் கால் பங்காகக் குறைந்தால்தான் நைட்ரிக் அமிலம் உள்ளே வரை நுழைந்து வெள்ளியையும் செம்பையும் கரைத்து எடுக்க முடியும். மிஞ்சுவது பழுப்புப் பொடியாகத் தங்கம்.

தங்கத்தையே கரைக்க ராஜதிராவகம். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், ஒரு பங்கு நைட்ரிக். தனித்தனியாக இரண்டுமே தங்கத்தைத் தொடாது. நைட்ரிக் அமிலம் தங்கத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கக் கூடியதுதான், ஆனால் அந்த வினை மிகச் சிறிய அளவிலேயே நின்றுவிடும். பக்கத்தில் குளோரைடு இருந்தால், உண்டாகும் தங்க அயனியை உடனுக்குடன் சுற்றிக் கட்டிக்கொள்கிறது. அயனி குறையக் குறைய வினை முன்னே போகிறது. மேலும் வலிமையான அமிலம் எதையும் யாரும் கொண்டுவரவில்லை. சேர்க்கைதான் புதியது.

அந்தப் பழுப்புப் புகையைப் பற்றிப் பட்டறையில் வேலை செய்யும் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. நைட்ரஜன் டை ஆக்சைடை மூச்சில் இழுத்தால் அப்போதைக்கு லேசான இருமலோடு போய்விடலாம். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். "இப்ப சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மணலி விரைவு சாலையில் போகும் டேங்கர்களைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்குவேன். ஆபத்தான பொருள் ஏற்றும் வண்டியில் அவசரத் தகவல் பலகை இருக்கும், அதில் நான்கு இலக்க எண் ஒன்று. 1830 என்றால் கந்தக அமிலம், 1789 ஹைட்ரோகுளோரிக், 2031 நைட்ரிக். எண்ணைப் படித்தபின் டேங்கரின் உடம்பைப் பாருங்கள் என்பேன். 98 சதவீதக் கந்தக அமிலம் சாதாரண இரும்புத் தொட்டியிலேயே போகும். இரும்பின் மேல் சல்பேட் படலம் படிந்து, அடர் அமிலத்தில் அது கரையாமல் காப்பாற்றுகிறது. அதிலேயே தண்ணீர் சேர்ந்து நீர்த்துவிட்டால் படலம் கரைந்து இரும்பை அரிக்கத் தொடங்கும், ஹைட்ரஜன் வரும். நீர்த்ததுதான் இரும்புக்கு எமன். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு எந்தச் செறிவிலும் இரும்பு ஆகாது, உள்ளே ரப்பர் பூச்சு வேண்டும். மிக அடர்ந்த நைட்ரிக் அமிலத்தை அலுமினியத் தொட்டியில் கொண்டுபோகலாம். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலத்தை அந்த அமிலமே கட்டிக்கொடுத்துவிடும்.

படலம் என்றதும் சுண்ணாம்புக்கல். மார்பிள் துண்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் கல் தீரும்வரை நுரைக்கும். கந்தக அமிலம் விட்டால் ஆரம்பத்தில் பொங்கி, சீக்கிரமே அடங்கிவிடும். எளிதில் கரையாத கால்சியம் சல்பேட் கல்லை மூடிவிடுகிறது. கால்சியம் குளோரைடோ தாராளமாகக் கரைந்து வழிவிடுகிறது. உண்டாகும் பொருள் கரையுமா என்று பார்க்காமல் வினையைக் கணிக்க முடியாது. வீட்டில் மார்பிள் தரை போட்டவர்களுக்கும் இது பாடம். பாத்ரூம் ஆசிட் (ஹைட்ரோகுளோரிக்தான்) வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறு சிந்தி ஒரு ராத்திரி கிடந்தாலே பளபளப்புப் போய்விடும்.

குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் வந்தது. அந்தத் தொழிலில் வலிமை குறைந்த அமிலத்துக்கு மரியாதை அதிகம். குரோம் ஏற்றுவதற்கு முன் தோலைப் பிஎச் 3-க்குச் சற்றுக் கீழே கொண்டுவர வேண்டும். கந்தக அமிலம் மலிவு, வேலையும் செய்யும். ஆனால் அதை மட்டும் விட்டால் தோலின் மேற்புறம் சட்டென்று அமிலமாகி, நடுப்பகுதி பின்தங்கும். ஃபார்மிக் அமிலத்தையும் சேர்த்துக்கொண்டால் அது மெதுவாக, சீராக உள்ளே இறங்குகிறது. வெறும் அமிலத்தில் தோல் ஊதிவிடும் என்பதால் உப்பும் உண்டு. பிறகு சோடியம் பைகார்பனேட் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிஎச்சை உயர்த்தினால் குரோமியம் தோலின் புரதத்தோடு கட்டிக்கொள்ளும். அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊர் இது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஃபார்மிக் அமிலம் என்றால் எறும்புக்கடி மட்டும் நினைவுக்கு வந்தால் போதாது.

வீட்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் கேட்கப்படுவது அதுதான். போர் தண்ணீரால் குழாயில் படியும் வெள்ளைப் படிவம் கால்சியம், மெக்னீசியம் கார்பனேட். அதற்குச் சிட்ரிக் அமிலமோ வினிகரோ போதும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் படிவத்தோடு குரோம் பூச்சையும் எடுத்துவிடும். எவர்சில்வர் சிங்க்குக்கு அது இன்னும் மோசம், குளோரைடு புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளிதான். டார்டாரிக் அமிலம் மேலே உள்ள கறுப்பை மட்டும் கரைக்கும் அளவுக்குத்தான் போகும். அதையே ஹைட்ரோகுளோரிக்கில் முக்கினால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து, விளக்கு செம்பு நிறத்தில் இளிக்கும். புளிக்குழம்பை ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது என்று பாட்டிகள் சொன்னதும் இதே காரணத்தால். செம்பால் ஹைட்ரஜனை விரட்ட முடியாது, ஆனால் காற்றில் உள்ள ஆக்சிஜன் உதவிக்கு வந்தால் புளியில் மெல்ல மெல்லக் கரையும்.

கேரம் போர்டில் தூவும் வெள்ளைப் பொடியும் அமிலம்தான், போரிக் அமிலம். பிகேஏ 9.24. புரோட்டானைக் கொடுப்பதுகூட இல்லை, தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சைடைத் தான் வாங்கிக்கொள்வதால் அமிலமாகிறது. உலக சாம்பியன் மரிய இருதயம் 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய விளையாட்டு இது. வடசென்னையில் தெருவுக்குத் தெரு ஆடுகிறார்கள். அந்தப் பொடியை அமிலம் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். விளையாடி முடித்துக் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், வயிற்றுக்குள் போனால் அது நல்லதல்ல.

இனி வருவதை எல்லோரும் படிக்க வேண்டும். மழைக்காலத்தில், வெள்ளம் வடிந்ததும், தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். வீட்டிலும் பாத்ரூமில் பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிட்டு, இன்னும் பளிச்சென்று ஆகட்டும் என்று மேலேயே ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் உண்டு. வருவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்டது. இதற்கு வலிமை மிக்க அமிலம்கூடத் தேவையில்லை. பிளீச்சில் உள்ள ஹைப்போகுளோரஸ் அமிலத்தின் பிகேஏ 7.5. அதோடு குளோரைடும் இருக்கிறது. வினிகரோ எலுமிச்சையோ சேர்ந்தாலே குளோரின் வெளியேறத் தொடங்கும். ஜன்னல் சின்னதாக உள்ள நம் குளியலறைகளில் அது தேங்கும். அப்படி நெடி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். கழுவிவிட உள்ளே திரும்பிப் போகாதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருவருக்கு இதைச் சொன்னபோது, "ரெண்டுமே கிளீன் பண்றதுதானே டீச்சர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தனித்தனியாக இரண்டும் உதவும் பொருள்கள்தான், சேர்க்கைதான் கொல்கிறது. இதைப் பள்ளிப் பாடத்தில் தேர்வுக்கு வராத ஒரு வரியாக விட்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆசிட்டைக் கடையில் வாங்குவது பற்றியும் பிள்ளைகளிடம் பேசுகிறேன். ஆசிட் வீச்சு வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது: வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, காரணத்தைக் கேட்டு, பதிவேட்டில் எழுதாமல் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்கவே கூடாது. அடர் அமிலம் தோலில் பட்டால் செய்ய வேண்டியது தண்ணீர் ஊற்றுவது, நிறைய, தொடர்ந்து, குறைந்தது இருபது நிமிஷமாவது. சோடா உப்பைத் தேடி ஓடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பட்டியலில் கீழே இருப்பதால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு ஹைட்ரஜன் சல்பைடைக் காட்டுவேன். பிகேஏ ஏறத்தாழ 7. சோடாவில் உள்ள கார்பானிக் அமிலத்தின் 6.35-ஐவிடவும் வலிமை குறைந்தது. உப்புப் பகுப்பாய்வில் அழுகிய முட்டை நாற்றம் என்று எழுதுகிறோமே, அதுதான். சமதளமான, வெயில் ஊர் இது. கழிவுநீர் மெதுவாக ஓடும், தேங்கும், குழாய்க்குள் ஆக்சிஜன் தீரும், பாக்டீரியா சல்பேட்டைச் சல்பைடாக்கும். அந்த வாயு மனிதனைக் கொல்வது அமிலத்தன்மையால் அல்ல. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை அடைத்துவிடுகிறது. செறிவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும், ஆபத்து போய்விட்டது என்று உள்ளே இருப்பவர் நினைப்பார். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்த சட்டம் 2013-ல் வந்தது. அதற்குப் பிறகும் சாக்கடைக்குள் இறங்கி இறந்தவர்களின் செய்திகளைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். வேதியியல் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் இதை மனப்பாடக் குறிப்பாக மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை. "இந்த வாயுவை நாம் கண்டுபிடிக்கும் காகிதம் எது?" என்று கேட்டு, "லெட் அசிடேட் காகிதம்" என்று பதில் வந்ததும், இந்தச் சாவுகளையும் சொல்லித்தான் அடுத்த உப்புக்குப் போகிறேன். அந்த வாயு குழாயின் மேல்புறத்தில் ஒட்டியிருக்கும் ஈரத்தில் கரைந்து, வேறு பாக்டீரியாக்களால் கந்தக அமிலமாகி, கான்கிரீட்டையும் அரிக்கிறது என்பது அதே பாடத்தின் தொடர்ச்சி.

படித்துவிட்டு ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றினால், அபாயமில்லாத ஒன்று உண்டு. நான்கு டம்ளர் எடுங்கள். வினிகர், எலுமிச்சைச் சாறு, கெட்டியான புளிக்கரைசல், தயிரிலிருந்து வடித்த தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரே அளவு. முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து, ஒரே எடையில் நான்காக்கிப் போடுங்கள். முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பிகேஏ பட்டியலை மட்டும் பார்த்தால் புளியும் எலுமிச்சையும் முந்த வேண்டும், வினிகர் கடைசியில் வர வேண்டும். ஆனால் கால்சியம் டார்டரேட்டும் கால்சியம் சிட்ரேட்டும் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு, கால்சியம் அசிடேட் நன்றாகக் கரையும். முதல் ஐந்து நிமிஷத்தில் எதில் நுரை அதிகம், மறுநாள் காலையில் எதில் ஓடு மிச்சம், எதன் அடியில் வெள்ளை வண்டல் என்று தனித்தனியாக எழுதிவையுங்கள். போடுவதற்கு முன்னாலேயே உங்கள் கணிப்பையும் காரணத்தையும் எழுதிவிடுங்கள். என் வகுப்பில் மதிப்பெண் அந்தக் காரணத்துக்குத்தான்.